ஒரு சொல்லும் இரு சமயங்களும்: மலாய் விவிலியத்தில் ‘அல்லாஹ்’

மலேசியாவில் கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் இடையே நெடுநாள் நீடித்த பிணக்குகளுள் ஒன்று ‘அல்லாஹ்’ என்னும் சொல்லைப் பற்றியதாகும். இதனை அரசியல் பூசலாக மட்டும் காண்போர் பலர். மொழிபெயர்ப்பு வரலாற்றையும் உடன்வைத்து நோக்கினாலன்றி இது விளங்காது.

அரபுக் கிறித்தவர் தம் வழிபாட்டில் இச்சொல்லைத் தொன்றுதொட்டு வழங்கி வருகின்றனர். மலாயில், டச்சு வணிகர் ஆல்பர்ட் கார்னேலியஸ் ருய்ல் மொழிபெயர்த்து 1629இல் அச்சேறிய மத்தேயு நற்செய்தியிலேயே கடவுளைக் குறிக்க இச்சொல் ஆளப்பட்டது. சபா, சரவாக் கிறித்தவர் பலர் இன்றும் மலாயிலேயே செபிக்கின்றனர்.

1986இல் உள்துறை அமைச்சு அல்லாஹ், காபா, பைத்துல்லாஹ், சொலாட் ஆகிய நான்கு சொற்களைக் கிறித்தவ வெளியீடுகளில் தடைசெய்தது. மலாய் இசுலாமியர்க்கு அல்லாஹ் என்பது ஓரிறைக் கொள்கையோடு பிரிக்கவியலாத பெயர். அது மூவொரு கடவுட் கோட்பாட்டோடு இணைக்கப்படுவதும், மதமாற்றத்திற்குக் கருவியாகலாம் என்னும் ஐயமும் அவர்களை வருத்தின. இவ்வச்சத்தை எளிதில் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. எனினும் 2010 சனவரியில் பாஸ் கட்சியே, தவறாகப் பயன்படுத்தாதவரை, ஆபிரகாமிய சமயத்தார் இச்சொல்லை வழங்கலாம் என அறிவித்தமை நோக்கத்தக்கது. அதே மாதத்தில்தான் தேவாலயங்கள் தாக்கப்பட்டன.

தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வெளிவந்த கத்தோலிக்க வார இதழ் ‘எரால்டு’ தொடுத்த வழக்கில் 2009 திசம்பர் 31இல் உயர்நீதிமன்றம் இதழுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இச்சொல் கிறித்தவ நம்பிக்கையின் இன்றியமையாக் கூறன்று எனக் கூறி அதனை மாற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் 4-3 என்னும் பெரும்பான்மையில் மேல்முறையீட்டிற்கு இசைவு மறுத்தது.

இன்றியமையாமை என்னும் அவ்வளவுகோல் பொருந்துமா? தமிழ் விவிலியத்தில் பப்ரிசியசின் ‘பராபரன்’ பின்னர்த் ‘தேவன்’ ஆயிற்று; 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் ‘கடவுள்’ ஆயிற்று. சொல் மாறியும் நம்பிக்கை மாறவில்லை. இவ்வகையில் நீதிமன்றக் கருத்துக்கு இது துணைசெய்வதுபோல் தோன்றும். ஆயின் அம்மாற்றங்களைச் செய்தோர் திருச்சபையினரே. மலாயில் ‘துகான்’ என மாற்றிக்கொள்ளலாமே என்பார்க்கும் விடையுண்டு: ‘ஆண்டவர்’ என்பதற்குத் ‘துகான்’ முன்பே வழங்குகிறது, ‘துகான் அல்லாஹ்’ என இரண்டும் அடுத்தடுத்து வருமிடங்களில் என்செய்வது?

கத்தோலிக்கர்க்கு இதில் மற்றொரு பொருளும் உண்டு. இசுலாமியர் ஒரே கடவுளை வழிபடுவோர் என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மதிப்புடன் ஏற்றது. சங்கம் உறவாகக் கண்டது, இந்நாட்டில் வழக்காயிற்று.

2008இல் சரவாக்கைச் சேர்ந்த மெலனாவ் பெண்மணி ஒருவரின் மலாய்ச் சமயக் குறுந்தட்டுகள் எட்டு விமான நிலையத்தில் கைப்பற்றப்பட்டன. அவர் தொடுத்த வழக்கில் 2021 மார்ச்சு 10இல் உயர்நீதிமன்றம் 1986ஆம் ஆண்டு ஆணை சட்டத்திற்குப் புறம்பானது எனத் தீர்த்தது. அரசு தன் மேல்முறையீட்டை 2023இல் மீட்டுக்கொண்டது.