கோடு போட்ட நிலமும் நம் முன்னோரும்

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

நம் சங்கம் ஐம்பது ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், நம் முன்னோர் கடை வைத்துப் பிழைத்த சிங்கப்பூர்த் தெருக்கள் எப்படி உருவாயின, எப்படி மாறின என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1822இல் ராஃபிள்ஸ் ஒரு நகரக் குழுவை அமைத்து, எந்த இனத்தாருக்கு எந்த இடம் என்று ஊரைப் பிரிக்கச் சொன்னார். லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த வரைபடத்தில் ஆற்றின் மேற்பகுதியில் ‘சூலியா கம்போங்’ என்று நம்மவருக்கும் ஓரிடம் குறிக்கப்பட்டது. கடைவீடுகளின் முன்னால் ஒரே அளவில் கூரையுள்ள நடைவழி விடவேண்டும் என்பதும் அன்றே வந்த விதி. பிற்காலத்தில் ஐந்தடி என்று நாம் அழைத்த வழி அதுதான். நம் பெரியவர்கள் பலர் முதலில் சரக்கு பரப்பியது அங்கேதான்.

நம்மவர் கடைக்கு மட்டும் இடம் தேடவில்லை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் தோன்றியது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1827இல் ஓலைக் குடிசையாக எழுந்த அல் அப்ரார், ‘குச்சுப் பள்ளி’ என்றே பெயர் பெற்றது. அதே தெருவில் காதர்பிள்ளை என்பவருக்கு 1827இல் நிலம் வழங்கியபோது, பலகையும் அத்தாப்பும் கொண்டு கட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அங்கே எழுந்ததுதான் நாகூர் தர்கா. அப்போது தெலுக் ஆயர் கடற்கரைத் தெரு. பின்னர் கடலைத் தூர்த்ததால் கரை தள்ளிப்போனது.

பெரிய மாற்றம் 1960களில் வந்தது. நகர மையத்தை வட்டாரங்களாகப் பிரித்து, ஓரங்களில் இருந்த ‘வடக்கு 1’, ‘தெற்கு 1’ இரண்டிலும் முதலில் வேலை தொடங்கினார்கள். கட்டங்கட்டமாகச் செய்ததற்குக் காரணம் உண்டு. குடியிருப்போருக்கு மாற்று வீடு தராமல் எதையும் இடிக்க முடியாது. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் துணையால் சிறு சிறு மனைகள் ஒன்றாக்கப்பட்டன. 1967 முதல் அப்படிச் சேர்த்த மனைகளை, என்ன கட்டலாம் என்ற நிபந்தனையோடு 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒப்பந்தப்புள்ளி முறையில் விட்டார்கள். மனை பெரிதானபோது சிறு வியாபாரிக்கு அதில் இடம் சுருங்கியது. நாமும் வியாபாரிகள், அந்த வலி நமக்குப் புரியும். வீவக வீடு கிடைத்த நன்மையையும் மறக்கமாட்டோம்.

கடைகள் போனாலும், முன்னோர் பொதுவுக்கென்று விட்டுச்சென்றவை நிற்கின்றன. மேற்சொன்ன மூன்றும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாயின. நாகூர் தர்கா 2011இல் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் இருந்த மௌலானா முகம்மது அலி பள்ளிவாசல், இன்று ராஃபிள்ஸ் பிளேஸில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் அடித்தளத்தில் இயங்குகிறது. மேலே வங்கி, கீழே தொழுகை.

தனக்கென்று வைத்த கடையைக் காக்க அன்று யாராலும் முடியவில்லை. எல்லாருக்கும் என்று வைத்ததைக் காக்க ஊரும் சட்டமும் சேர்ந்து நின்றன. நாம் படிக்கவேண்டிய பாடம் இதுவே.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அத்தாவோ பாட்டனாரோ கடை வைத்திருந்த தெரு, கதவு எண், காலிசெய்த ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழைய வாடகைச் சீட்டு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். தெருவின் பெயர்ப்பலகை மறைந்தாலும், அங்கே நாம் இருந்தோம் என்பதற்கு அந்தத் தாள் சாட்சி சொல்லும்.

நம் முன்னோரின் உழைப்பை இறைவன் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.