பில்லியர்ட்ஸ் மண்டபங்கள்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களின் வாசிகசாலைகளிலே இளைஞர் கரம் பலகையைச் சூழ்ந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். காய் ஓரத்தில் மோதித் திரும்பும் கோணத்தைக் கணிப்பதிலேதான் ஆட்டம் தங்கியிருக்கிறது. பில்லியர்ட்ஸ் ஆட்டத்திற்கும் அக்கணிப்பே உயிர். ஆயினும், அந்நாளில் பச்சைத் துணி போர்த்த பெருமேசையும் யானைத் தந்தத்திற் கடைந்த பந்தும் எளியோர்க்கு எட்டாதவை.

1875ஆம் ஆண்டில், ஜபல்பூரிலே பிரித்தானியப் படையதிகாரிகளின் விடுதியில், நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் அதிகாரி பன்னிறப் பந்துகளைச் சேர்த்து ஸ்நூக்கரை வகுத்தார் என்பர். பின்னர் அதன் விதிகள் உதகமண்டலத்து ஆங்கிலேயர் கழகத்தின் பில்லியர்ட்ஸ் மண்டபத்திலே எழுதி வைக்கப்பட்டன. இத்தகைய மண்டபங்களிலே சுதேசிகள் பெரும்பாலும் புள்ளி குறிக்கும் பணியாளராகவே நின்றனர்.

காலம் மாறிற்று. 1958இல் இந்தியரான வில்சன் ஜோன்ஸ் அமெச்சூர் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டத்தை ஈட்டினார். 1973இல் பம்பாயிலே அதே பட்டத்தை எம். ஜே. எம். லாபிர் வென்று, இலங்கையின் முதல் உலகச் சம்பியன் ஆனார். முன்பு புள்ளி குறிக்க நின்றோரின் நாட்டவர், கோலேந்தி வாகை சூடினர்.

கரம் பலகையிலே தேர்ந்த எம் பிள்ளைகளின் கண்ணும் கையும் இதற்குக் குறைந்தனவல்ல. வாவிக்கரை வாசிகசாலை ஒன்றிலேனும் அத்தகைய மேசை இடம்பெற வேண்டுமென்பது என் அவா.