பனிநாட்டுப் பனைகள்

புதுக்கோட்டைச் சீமையில் பனைமரத்துக்கு எவரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கண்மாய்க் கரையிலும் வயல் வரப்பிலும் விழுந்த கொட்டை தானே முளைக்கிறது. ஆடு கடித்தது போக மிஞ்சியது தானே வளர்கிறது. இவ்வளவு கேட்பாரற்று வளரும் ஓர் இனத்தின் உறவினர்களை, உலகின் மற்றொரு மூலையில் மனிதர்கள் கண்ணாடி மாளிகை கட்டி, நிலக்கரி எரித்து, இரவில் விழித்திருந்து காத்தார்கள் என்பது வியப்பூட்டும் வரலாறு. அவ்வரலாற்றின் ஓரத்தில் புதுக்கோட்டை மன்னர் ஒருவரின் நிழலும் விழுகிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் மரத்தின் இயல்பு. மரம் என்றே நாம் அழைத்தாலும், தொல்காப்பிய மரபியல் பனையை மரமாகக் கொள்வதில்லை. உள்ளே வயிரம் உடையது மரம், புறத்தே வயிரம் உடையது புல் என்பது அதன் பகுப்பு. அவ்வகையில் பனையும் தெங்கும் புல்லினமே. இன்றைய தாவரவியலும் இவற்றை நெல்லோடும் மூங்கிலோடும் சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்றே வைக்கிறது. மறுபுறம், 18ஆம் நூற்றாண்டின் ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இக்குடும்பத்துக்கு 'இளவரசர்கள்' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். புல்லென்றும் அரசென்றும் இருவேறு பெயர்கள். இரண்டும் பொருந்தும் என்பதைக் குளிர்காலம் காட்டிவிடுகிறது.

வேம்போ புளியோ கிளை ஒடிந்தால் வேறிடத்தில் துளிர்க்கும். பட்டைக்கடியில் உள்ள வளர்படை ஆண்டுதோறும் புதுக்கட்டையை உண்டாக்கிக் காயத்தை மூடும். பனைக் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலான இனங்களில் உச்சியில் இருக்கும் ஒரே குருத்துதான் அதன் உயிர். குருத்தில் உறைபனி இறங்கிவிட்டால், ஐம்பதடி உயரம் நின்றாலும் அம்மரம் முடிந்தது. குளிர்நாட்டு மரங்களைப் போல இலையுதிர்த்து உறங்கிக் கிடக்கவும் அதற்குத் தெரியாது. எனவே ஐரோப்பியர் முன் இருந்த வழிகள் இரண்டே: ஒன்று, மரத்தைத் தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுபோவது, மற்றொன்று, மரத்தைச் சுற்றி வீட்டையே கட்டிவிடுவது.

இரண்டாம் வழிக்கு இன்றும் சாட்சி சொல்லும் பழைய மரம் இத்தாலியின் பதுவா நகரில் இருக்கிறது. 1545இல் தொடங்கப்பட்ட அந்நகரப் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில், 1585இல் நட்ட மத்தியதரைக்கடல் குட்டைப்பனை ஒன்று கண்ணாடிக் கூண்டுக்குள் இன்னும் உயிரோடு நிற்கிறது. 1786இல் அதைப் பார்த்த ஜெர்மானியக் கவிஞர் கதே, அடியிலை பிளவின்றியும் மேலிலைகள் விசிறிபோலப் பிளந்தும் இருப்பதைக் கண்டு சிந்தித்தார். தாவர உறுப்புகள் யாவும் ஒரே மூலவடிவின் உருமாற்றங்கள் என்று 1790இல் அவர் எழுதிய நூலுக்கு அம்மரமும் ஒரு தூண்டுதல். அதனாலேயே 'கதேயின் பனை' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

முதல் வழியின் பெருங்காட்சி பிரான்சின் வெர்சாய் அரண்மனை. பதினான்காம் லூயி மன்னருக்காக 1684க்கும் 1686க்கும் இடையே கட்டப்பட்ட 'ஆரஞ்சுக்கூடம்' தெற்கு நோக்கிய உயர்ந்த சன்னல்களும் தடித்த சுவர்களும் கொண்டது. ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, பனை வகைகள் என ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டி மரங்கள் இன்றும் அக்டோபரில் உள்ளே போய் மே மாதத்தில் வெளியே வருகின்றன. பக்கப் பலகைகளைத் தனித்தனியே கழற்றும்படி அமைந்த சதுர மரப்பெட்டிக்கு அவ்வரண்மனையின் பெயரே ஆகிவிட்டது. மண் மாற்றவும் வேரைப் பார்க்கவும் மரத்தைப் பிடுங்க வேண்டியதில்லை என்பது அதன் சிறப்பு. ஊருக்குத் தேரோட்டம் போல அத்தோட்டத்துக்கு இந்தப் பெட்டியோட்டம்.

19ஆம் நூற்றாண்டில் இரும்பும் கண்ணாடியும் மலிந்தன. நீராவிக் கப்பல்கள் வந்தன. மருத்துவர் நதானியேல் வார்டு வடிவமைத்த மூடிய கண்ணாடிப் பேழைகள், செடிகளைக் கடலின் உப்புக்காற்றுப் படாமல் உயிரோடு கொண்டு சேர்த்தன. லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் 1844இல் தொடங்கி 1848இல் 'பனை மாளிகை' எழுந்தது. கொதிகலன்கள் தரைக்கடியில் இருந்தன. புகை சுரங்கவழியே தொலைவிலுள்ள கோபுரத்துக்குப் போய் வெளியேறியது. அதற்கு முன்பே டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் 1840 வாக்கில் மாபெரும் கண்ணாடிக் கூடமொன்றைக் கட்டி முடித்திருந்தார். 1843 டிசம்பரில் விக்டோரியா அரசி அதனுள் கோச்சு வண்டியிலேயே வலம்வந்தார். வெளியே கடுங்குளிர், உள்ளே பல்லாயிரம் விளக்கொளியில் பனையோலைகள். நிலக்கரி கொண்டுசெல்லும் தண்டவாளமோ பூமிக்கடியில் ஓடியது. விருந்தினர் கண்ணில் கரியும் படக்கூடாது, கரி தள்ளுபவரும் படக்கூடாது என்பது ஏற்பாடு.

பிரபுக்கள் செய்ததை நடுத்தர வர்க்கம் சிறிய அளவில் செய்ய விரும்பியது. அதற்கு வாய்த்த மரம் 'கென்டியா'. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால், பசிபிக் கடலில் தனித்துக் கிடக்கும் லார்டு ஹோவ் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வளராத பனை இது. மங்கலான வெளிச்சம், விளக்குப் புகை, வறண்ட அறைக்காற்று, மறதிக்கார எசமானர் என யாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் விதை சிட்னி வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அத்தீவு மக்களின் பிழைப்பே அவ்விதையாயிற்று. விடுதிக் கூடம், கப்பலின் முதல் வகுப்பு, புகைப்பட நிலையம் என எங்கும் அது நின்றது. பழைய புகைப்படங்களில் நாற்காலிக்குப் பின்னே சாய்ந்து தெரியும் ஓலை பெரும்பாலும் இவ்வகைத் தொட்டிப் பனையினுடையதே.

இனிப் புதுக்கோட்டைக்கு வருவோம். 1886இல் சிறுவனாக அரியணை ஏறிய மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், 1915 ஆகஸ்டில் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். ஆங்கில அரசு அவரை மகாராணியாக ஏற்க மறுத்தது. மணமக்கள் புதுக்கோட்டைக்கு வந்தும் சில மாதங்களே தங்க முடிந்தது. 1916இல் சிட்னியில் மகன் பிறந்தான். பெயரிலேயே அவ்வூரைத் தாங்கிய மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். பிறகு அக்குடும்பம் ஐரோப்பாவுக்குப் பெயர்ந்து, 1920களில் பிரான்சின் தென்கரையில் கான் நகரில் குடியமர்ந்தது. புதுக்கோட்டையில் மன்னரின் சகோதரர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

கான் நகரும் அதன் அண்டை ஊரான நீஸும் பனைகளால் பெயர்பெற்ற ஊர்கள். ஆனால் அப்பனைகளில் பெரும்பாலானவை மன்னரைப் போலவே வந்தேறிகள். ஆப்பிரிக்கக் கரைக்கு அருகிலுள்ள கானரித் தீவுகளின் பெருத்த ஈச்சை, 1864இல் நீஸில் விஜியே பிரபுவின் தோட்டத்தில் நடப்பட்டது என்பர். அக்கரையில் உறைபனி அரிது. ஆகவே வடக்கே தொட்டியில் முடங்கிக் கிடந்த இனம் இங்கே மண்ணில் வேர்விட்டுச் சாலைகளை அணிசெய்தது. குளிருக்கு அஞ்சிய வடநாட்டுச் செல்வர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வந்ததும் இதே கரைக்குத்தான். மனிதரும் மரமும் ஒரே காரணத்துக்காக ஓரிடம் தேடி வந்தார்கள்.

மன்னர் 1928 மே மாதம் பாரிசில் காலமானார். அவர் உடல் புதுக்கோட்டை வரவில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் எரியூட்டப்பட்டது. மகனின் அரசுரிமையை ஆங்கில அரசு ஏற்காததால், ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமான் அரியணை ஏறினார். மோலி 1967இல் கானிலேயே மறைந்தார். மாளிகையும் வருமானமும் அவர்களுக்குக் குறைவில்லை. எனினும் வேரூன்ற ஒரு மண் வேண்டுமென்பது மன்னர்க்கும் விலக்கல்ல என்றே இவ்வாழ்க்கையை வாசிக்கும்போது நமக்குத் தோன்றுகிறது.

தொண்டைமான் தம்பதியர் நாடுவிட்டு நாடு அலைந்த அதே ஆண்டுகளில் சாட்ஸ்வர்த் கண்ணாடிக் கூடத்தின் கதையும் முடிந்தது. முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்கவில்லை, கொதிகலன்கள் அணைந்தன, எண்பது ஆண்டுகளாகச் சேர்த்த செடிகள் குளிரில் மாண்டன. 1920இல் கூடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு முற்றுகையிடப்பட்டபோது அங்குள்ள தாவரத் தோட்டத்துக்கும் இதுவே நேர்ந்தது. 1941-42 குளிர்காலத்தில் குண்டுவீச்சில் கண்ணாடி நொறுங்க, பனைகள் நின்றபடியே உறைந்தன. பட்டினி கிடந்த தோட்டப் பணியாளர்கள் கள்ளிச் செடிகளைத் தம் வீடுகளுக்கு எடுத்துச் சென்று காத்தனர். பனையை யார் தூக்கிச் செல்ல முடியும்? கார்ஷின் என்ற ருஷ்ய எழுத்தாளர் 1880இல் வெளியான தமது கதையில், கூரையை உடைத்து விடுதலை பெற்று வெளியே குளிரைச் சந்திக்கும் பனையொன்றைப் படைத்திருந்தார். கதையில் பனை கண்ணாடியை உடைத்தது; வரலாற்றிலோ கண்ணாடி உடைந்து பனை மாண்டது.

அடுப்பை நம்பி வாழும் உயிருக்கு அடுப்பு அணையும் நாள் ஒன்று உண்டு. வெயிலை நம்பிக் கான் கரையில் நின்ற பனைகளுக்கோ வேறு விதமாக முடிவு வந்தது. தென்னாசியத் தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டை ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னை விவசாயிகள் நன்கறிவார்கள். காயத்தில் முட்டையிடும், புழு தண்டைக் குடைந்து குருத்தை எட்டும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். இவ்வண்டு 1980களில் வளைகுடா நாடுகளிலும், 1990களில் எகிப்திலும் ஸ்பெயினிலும், 2006இல் பிரான்சிலும் காணப்பட்டது. அதைச் சுமந்து சென்றவை அலங்காரத்துக்காக விற்கப்பட்ட, வளர்ந்த பனைகளே. கானரி ஈச்சை அதற்கு மிக எளிதில் இரையாகும் மரம். அக்கரையில் எண்ணற்ற பழைய பனைகள் சாய்ந்தன. நமது சீமையின் மன்னர் போன வழியே, ஏறத்தாழ நூறாண்டு கழித்து நமது சீமையின் பூச்சியும் போய்ச் சேர்ந்தது.

ஆயினும் தொட்டிப் பனை வளர்ப்பு இன்றும் ஐரோப்பாவில் பரவலான கலை. அதன் நெறிகள் எளியவை. முதல் உறைபனிக்கு முன் உள்ளே கொண்டுவர வேண்டும். மத்தியதரைக்கடல் குட்டைப்பனைக்கு ஐந்து முதல் பத்து பாகை வெப்பமும் நல்ல வெளிச்சமும் போதும். வெப்பமண்டல இனங்களுக்குப் பதினைந்துக்குக் குறையலாகாது. குளிரும் இருளும் கூடிய இடத்தில் நீர் மிகுந்தால் வேர் அழுகும். வெப்பமூட்டிய வறண்ட அறையிலோ சிலந்திப்பேனும் மாவுப்பூச்சியும் வரும். வசந்தத்தில் வெளியே எடுத்ததும் நேர்வெயிலில் வைத்தால் ஓலை கருகிவிடும். சில நாள் நிழலில் பழக்க வேண்டும். டொரோண்டோவிலும் லண்டனிலும் கறிவேப்பிலைத் தொட்டியை அக்டோபரில் உள்ளே தூக்கி, மே மாதத்தில் வெளியே வைக்கும் தமிழ் வீடுகளுக்கு இவை புதியன அல்ல. வெர்சாய் அரண்மனையின் நாட்காட்டிதான் அவர்கள் சமையலறைச் சன்னலிலும் நடக்கிறது. ஒரே வேறுபாடு, அங்கே எசமானரும் தோட்டக்காரரும் ஒருவரே.

ஆனால் நமது பனை இதற்கு இணங்குவதில்லை. பனங்கொட்டை முளைத்ததும் மேலே வருவதில்லை. கிழங்காகக் கீழே இறங்குகிறது. நாம் அவித்துத் தின்னும் அக்கிழங்கு தொட்டியின் அடியைத் தொட்டுவிட்டால் போக இடமில்லை. பல மாதம் ஆழம் பார்த்த பின்னரே முதல் ஓலையை வெளிவிடும் செடி அது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வீசியபோது, புதுக்கோட்டையின் கிழக்குப் பகுதியில் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பனைகள் பெரும்பாலும் அசையாமல் நின்றன. அதன் பிறகு கண்மாய்க் கரைகளில் பனங்கொட்டை ஊன்றும் பணியில் இளைஞர் பலர் இறங்கினர். அந்த மரங்களுக்குக் கண்ணாடியும் வேண்டாம், கரியும் வேண்டாம். முதல் சில ஆண்டுகள் ஆடும் கடப்பாரையும் அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஐரோப்பிய அரசர்கள் பெரும்பொருள் செலவிட்டுக் காத்ததை நாம் அவ்வளவு மலிவாகக் காக்க முடியும். மலிவானதைக் காப்பதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது.