இலங்கையின் சேதனப் படிவுகளும் எண்ணெய்த் தாய்ப்பாறைகளும்

இலங்கைத் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, தரையில் மரஞ்செடிகள் தோன்றுவதற்கு மிக முன்பே உருவான பளிங்குருப் பாறைகளாலானது. நிலக்கரியும் கனிய எண்ணெயும் மக்கிய உயிர்ப்பொருளிலிருந்து பிறப்பவை. ஆகவே அத்தகைய பாறைக்குள் அவற்றைத் தேடுவதில் பயனில்லை. தேடக்கூடிய இடங்கள் ஓரங்களில்தான் உள்ளன: வடமேற்கில் புத்தளத்தை அடுத்த சிறு அடையற்பாறைத் திட்டுகள், யாழ்ப்பாணம் முதல் மன்னார் வரை பரவிய சுண்ணக்கல், கொழும்பை அடுத்த சதுப்புநிலங்கள், மன்னார் வளைகுடாவின் ஆழ்கடல் அடித்தளம். இந்த ஓரங்களில் புதைந்துள்ள சேதனப் பொருளை நுணுக்குக்காட்டியாலும் இரசாயனப் பகுப்பாய்வாலும் ஆராயும் துறையின் இலங்கை வரலாறு காரீயத்தில் தொடங்கி மெதேன் வாயுவில் வந்து நிற்கிறது.

காரீயம்

பென்சிற்கரி என்று பாடநூல்களும் காரீயம் என்று மக்களும் அழைக்கும் தூய காபன், 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பெரிய ஏற்றுமதிகளுள் ஒன்றாயிற்று. கேகாலை மாவட்டத்தின் போகல, குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களில் அது பாறை வெடிப்புகளை நிரப்பிய நாளங்களாகக் கிடைக்கிறது. வெட்டியெடுத்த காரீயம் கொழும்புக்கு வந்து, கொட்டகைகளில் கையால் தரம் பிரிக்கப்பட்டு, மரப்பீப்பாய்களில் அடைக்கப்பட்டுக் கப்பலேறியது. முதலாம் உலகப் போரின்போது உருக்கு வார்க்கும் மூசைகளுக்கான தேவை கூடியதால் அவ்வேற்றுமதி உச்சத்தை எட்டியது.

காரீயம் மிக முதிர்ந்த நிலக்கரிதானா என்ற கேள்வி அன்றே எழுந்தது. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றறிஞராகப் பெயர் பெறுமுன் புவிச்சரிதவியலாளராக இருந்தவர். 1900இல் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி லண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் துறையின் முதற் பணிப்பாளராக இருந்தார். தோரியனைற்று என்னும் கதிர்த்தொழிற்பாட்டுக் கனிமத்தை இனங்கண்டவரும் அவரே.

பிற்காலக் காபன் சமதானி ஆய்வுகள் அக்கேள்விக்கு இரு விடைகள் தந்தன. பாறைக்குள் செதில் செதிலாகச் சிதறிக் கிடக்கும் காரீயம் ஆதிக்கடல் உயிர்ப்பொருளின் எச்சமாக இருக்கலாம். நாளக் காரீயத்தில் பாரமான காபன் கூடுதலாக இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து ஏறிவந்த காபனீரொட்சைட்டுச் செறிந்த திரவங்களிலிருந்து அது படிந்தது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். இலங்கை உலகுக்கு விற்ற காபனில் பெரும்பகுதிக்கு மரத்தோடு உறவில்லை என்றே இதற்குப் பொருள்.

அதே காலத்தில் மறுபக்கமாக மரத்திலிருந்து வந்த காபன் இறக்குமதியாகிக்கொண்டிருந்தது. கொழும்புத் துறைமுகம் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி நிரப்பிச் செல்லும் தரிப்பிடமாக இருந்தது. கொட்டாஞ்சேனைக்குக் கீழே, துறைமுக மேடைகளில் தென்னிந்தியத் தொழிலாளர் கூடை கூடையாகச் சுமந்த கரியில் ஒரு துண்டுகூட உள்ளூர்க் கரியல்ல. புறக்கோட்டையில் காஸ்வேர்க்ஸ் வீதி என்ற பெயர், அப்படி வந்த கரியிலிருந்து விளக்குக்கு வாயு வடித்த காலத்தின் மிச்சம்.

தப்போவ

புத்தளத்துக்கு வடகிழக்கே, அனுராதபுர வீதியை அடுத்துள்ள தப்போவக் குளப்பகுதியில் மணற்கல்லும் மாக்கல்லும் கொண்ட சிறிய படிவு ஒன்று உண்டு. அதில் கிடைத்த இலைத் தடங்களை ஏ. சி. சீவார்டும் ஆர். ஈ. ஹோல்ற்றமும் 1922இல் விவரித்து, அவை யுராசிக் காலத்தவை என்று நிறுவினர். ஹோல்ற்றம் பின்னாளில் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவை நடத்தி, பன்னங்களுக்கும் ஓர்க்கிட்டுகளுக்கும் பெயர் பெற்றார். தப்போவவிலும் பன்னங்களே மிகுதி. அவற்றோடு சைக்கசு போன்றவையும் ஊசியிலை மரங்களும் உள்ளன. பூக்கும் தாவரம் ஒன்றுமில்லை. தெற்கே ஆண்டிகமவிலும் இதே காலத்துப் படைகள் உள்ளன. அங்கே கரி கலந்த கறுப்பு மாக்கல்லும் இருக்கிறது.

தப்போவவைப் போலவே ஜாரியா, ராணிகஞ்ச் போன்ற இந்திய நிலக்கரி வயல்களும் கோண்டுவானா என்ற பழங்கண்டத்தின் பாறைத்தொகுதியைச் சேர்ந்தவையாயிருக்க, இங்கு ஏன் கரிப்படை இல்லை? விடை காலத்தில் இருக்கிறது. அவ்வயல்கள் பேர்மியன் காலத்தின் குளிர்ந்த, ஈரமான சதுப்புகளில் உருவாயின. தப்போவ அதற்குப் பல கோடி ஆண்டுகள் பிந்தியது. அந்தச் சதுப்புச் சூழல் அப்போது இல்லை. இலைகள் சேற்றில் பதிந்தன, கரியாகுமளவு குவியவில்லை. இதே புத்தளம் மாவட்டத்தில், கடலோரத்து நுரைச்சோலையில், 2011 முதல் இயங்கும் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் முழுக்க இறக்குமதிக் கரியையே எரிக்கிறது.

முத்துராஜவெல

கரியாதலின் முதற்படி முற்றா நிலக்கரி. இலங்கையில் அதன் பெரிய படிவு, களனி கங்கைக்கு வடக்கே நீர்கொழும்புக் களப்பு வரை நீளும் முத்துராஜவெலச் சதுப்பில் கிடக்கிறது. இது சில ஆயிரம் ஆண்டுகளே பழையது. கடல்மட்டம் உயர்ந்து நிலைபெற்ற பின் கோரையும் கண்டலும் விழுந்து மக்கிச் சேர்ந்தது. ஒரு கட்டியைக் கையிலெடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தவிட்டு நிறத் தண்ணீர் வழியும். எஞ்சுவது வேர்நாரும் இலை நரம்பும். சிங்களத்தில் ‘வெல’ என்பது வயல். ஒருகாலத்தில் இங்கே நெல் விளைந்தது என்பதற்கு அப்பெயரே சாட்சி. ஒல்லாந்தர் காலத்தில் வெட்டப்பட்ட கால்வாய் வழியே உப்புநீர் ஏறியதில் அவ்வயல்கள் கெட்டன.

ஏறத்தாழ 5 கோடித் தொன் என மதிப்பிடப்பட்ட இப்படிவை எரிபொருளாக்கும் எண்ணம் சுதந்திரத்துக்குப் பின் பலமுறை எழுந்து அடங்கியது. தடையாக நின்றது கந்தகம். சில மாதிரிகளில் அது 5 சதவீதத்தை எட்டுகிறது. கடல்நீரிலுள்ள சல்பேற்றை ஒட்சிசனில்லாச் சேற்றில் வாழும் பற்றீரியா உடைக்கிறது. வெளிப்படும் கந்தகம் இரும்போடு சேர்ந்து பைரைற்றாகிறது. மீதி சேதனப் பொருளுக்குள்ளேயே பிணைகிறது. கரையோரச் சதுப்பில் பிறந்த கரிகள் எங்கும் இக்குறையோடு பிறப்பவை. இதனுடன் சாம்பலும் மிகுதி, ஈரமும் மிகுதி. தெற்கு விளிம்பில் கெரவலப்பிட்டியில், சதுப்பை மணலிட்டு நிரப்பிய தரையில் 2010இல் முழுமையடைந்த 300 மெகாவாற் யுகதனவி மின்நிலையம் எண்ணெயில் ஓடுகிறது. சதுப்பின் ஒரு பகுதி 1996இல் சரணாலயமானது.

எரிபொருளாகாத முற்றா நிலக்கரி கட்டடக்காரருக்கு வேறு விதத்தில் அறிமுகமானது. வெள்ளவத்தை, கிருலப்பனைக் கால்வாய்களை ஒட்டிய தாழ்நிலங்களில் தொடர்மாடிக்குப் பைல் இறக்கும்போது மேலே வரும் கறுப்புச் சேற்றின் அழுகிய முட்டை வாடை, மேலே சொன்ன பற்றீரியாவின் கைவேலை. பஞ்சுபோல் அமுங்கும் இத்தரைமேல் போடப்பட்ட கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதை 2013இல் திறக்கப்படுமுன், வருடக்கணக்கில் தரையை இறுக்க வேண்டியிருந்தது.

சேதனப் பொருளை வாசிக்கும் முறை

பெற்றோலியத் தேடலின் கதைக்கு முன், அதற்குக் கருவி தந்த ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தால் உலகறிந்த மேரி ஸ்ரோப்ஸ் அடிப்படையில் தாவரப் புதைபடிவ அறிஞர். கண்ணுக்குத் தெரியும் கரியின் நான்கு பட்டைகளை 1919இலும், நுணுக்குக்காட்டியில் தெரியும் அதன் கூறுகளுக்கு மசெரல் என்ற பொதுப்பெயரை 1935இலும் தந்தவர் அவர். 1930களின் நடுப்பகுதியில் ஜேர்மானியரான அல்பிரட் திரைப்ஸ், எண்ணெயிலிருந்து பிரித்த போபைரின் மூலக்கூறுகள் பச்சையத்தின் வாரிசுகள் எனக் காட்டினார். எண்ணெய் உயிர்ப்பொருளிலிருந்து பிறந்தது என்பதற்கு மூலக்கூறு வடிவில் கிடைத்த முதற்சான்று அது.

சேற்றோடு படிந்த சேதனப் பொருள் கரைப்பான்களில் கரையாத கெரோஜன் ஆகிறது. அது போதிய அளவு உள்ள நுண்மணிப் பாறையே தாய்ப்பாறை. பாசிகளிலிருந்து வந்த, ஐதரசன் மிகுந்த கெரோஜன் எண்ணெய் தரும். மரத்திலிருந்து வந்த, ஒட்சிசன் மிகுந்த மூன்றாம் வகைக் கெரோஜன் பெரும்பாலும் வாயுவே தரும். ஆழம் கூடக் கூட வெப்பம் ஏறுகிறது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்குமேல் எண்ணெய் பிரியத் தொடங்கும். 150 பாகையைத் தாண்டினால் வாயுதான்.

பாறை எவ்வளவு வெந்தது என்பதை அறிய, மரத்தின் எச்சமான விற்றினைற்றின் பளபளப்பு அளக்கப்படுகிறது. பாறைத்துகளைப் பிசினில் உறையவைத்து, கண்ணாடிபோல் தேய்த்து, ஒரு துளி எண்ணெயிட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் சாம்பல் நிறத் துணுக்குகள் தெரியும். விழுந்த ஒளியில் 0.6 சதவீதமளவு திருப்பினால் எண்ணெய்க் கட்டம் தொடங்கியிருக்கிறது, 1.3ஐத் தாண்டினால் அது முடிந்துவிட்டது. பிரெஞ்சு பெற்றோலிய நிறுவனம் 1970களில் உருவாக்கிய றொக்-எவால் கருவி, ஒரு சிட்டிகைத் தூளைப் படிப்படியாகச் சூடாக்கி, ஏற்கெனவே பிறந்த எண்ணெயையும் இனிப் பிறக்கக்கூடியதையும் தனித்தனியே அளந்து தருகிறது.

மன்னார்த் தேடல்

கோண்டுவானாக் கண்டம் பிளந்தபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு பிளவு விழுந்தது. முழுக் கடலாக விரியாமல் இடையில் நின்றுபோனது. அதன் வடபகுதி காவேரிப் படுகை, தென்பகுதி மன்னார்ப் படுகை. பாக்கு நீரிணைக்கு அப்பால், காவேரிப் படுகையின் தமிழகப் பகுதியில் நரிமணம் போன்ற இடங்களில் எண்ணெய் கிடைத்து, 1993இல் அங்கே ஒரு சுத்திகரிப்பு நிலையமும் எழுந்தது. அந்த எண்ணெயின் தாய்ப்பாறைகளாக ஆண்டிமடம் படைகளும் சாத்தப்பாடி மாக்கல்லும் கருதப்படுகின்றன. இரண்டும் கிரேத்தேசியக் காலத்தவை. அதே தமிழகத்தின் நெய்வேலியில் 1961இல் எட்டப்பட்ட பழுப்பு நிலக்கரி மிக இளையது, எண்ணெய்க் கட்டத்தை எட்டாதது.

இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961இல் அமைந்தது. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கியது. அங்கே சுத்திகரிக்கப்பட்டதெல்லாம் வெளிநாட்டு மசகெண்ணெய். 1960களின் பிற்பகுதியில் பிரெஞ்சு நிறுவனமொன்று முதல் அதிர்வலை அளவீடுகளைச் செய்தது. அடுத்து சோவியத் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் 1974இல் முதற்கிணறு தோண்டப்பட்டு, 2,500 மீற்றருக்குமேல் இறங்கிப் பளிங்குருப் பாறையில் முட்டியது. 1976இல் பாக்கு நீரிணையிலும் நெடுந்தீவை அடுத்தும் இரு கிணறுகள். 1981இல் மன்னார் வளைகுடாவில் பேர்ள், வடக்கே பெட்ரோ. எதுவும் வணிகத்துக்கு உதவவில்லை. பிறகு உள்நாட்டுப் போர்க்காலம், கடல் மூடிக்கிடந்தது.

2001இல் நோர்வேத் தொடர்புள்ள ரீஜீஎஸ்-நோப்பெக் நிறுவனம் மன்னார் வளைகுடாவில் புதிய அதிர்வலைக் கோடுகளை எடுத்தது. 2003ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம் அதைத் தொடர்ந்தது. 2007இல் தேடல் உரிமைக்கான ஏலமும், 2008 ஜூலையில் கெயார்ன் லங்கா நிறுவனத்துடன் உடன்படிக்கையும் வந்தன. 2011இல் வந்து துளையிட்ட கப்பல் ஜப்பானின் சிக்கியு. பூமியதிர்ச்சிப் பிளவுகளை ஆராயவென்று கட்டிய அந்தக் கப்பலுக்கு இது வாடகை வேலை. 1,354 மீற்றர் கடலாழத்தில் டொராடோ கிணறு, கடல்மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 25 மீற்றர் தடிப்புள்ள வாயுப்படையைத் தொட்டதாக அவ்வாண்டு ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அடுத்து பரக்கூடாக் கிணறு 4,000 மீற்றருக்குக் கீழே மேலும் வாயு கண்டது. மூன்றாவது வெறுமை, 2013இன் வலாகோவும் வெறுமை. எரிபொருள் விலை சரிந்திருந்த 2015இல் கெயார்ன் விலகிக்கொண்டது. 2021இல் புதிய சட்டம் வந்தது. அதுவரை தேடலை மேற்பார்வையிட்ட அரச செயலகத்தின் இடத்தில் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை அமைந்தது.

துகள்கள் சொன்னவை

கிணற்றிலிருந்து மேலே வருவது பெரும்பாலும் முழுப்பாறையல்ல. துளைசேறோடு கலந்த அரிசியளவுத் துகள்கள்தாம். சேற்றில் கலந்த எண்ணெய்களே மாதிரியை மாசாக்கிவிடுவதால், கழுவித் துடைத்துப் பிரித்தெடுத்த பின்னரே பகுப்பாய்வு தொடங்குகிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானிய ஆய்வுகூடங்களும் சேர்ந்து 2010களில் வெளியிட்ட முடிவுகளின்படி, மேற்கிரேத்தேசிய மாக்கற்களில் பெருமளவு இருப்பது அன்றைய ஆறுகள் அடித்துவந்த நிலத்தாவரப் பொருள். சில படைகளில் கடற்பாசியின் பங்கும் உண்டு. மூன்றாம் வகைக் கெரோஜன் மேலோங்கிய பாறையிலிருந்து எதிர்பார்க்கக்கூடியது வாயு, கிடைத்ததும் வாயு.

ஆயினும் கணக்கு முழுதாய் ஒத்துவரவில்லை. துளையிட்ட படைகளில் பல இன்னும் முதிராதவை. சேதனப் பொருளும் செழிப்பாக இல்லை. டொராடோவின் வாயு அவற்றுக்குள்ளேயே பிறந்திருக்குமா என்பது ஐயம். இன்னும் ஆழமான, அதிக வெப்பம் கண்ட படைகளிலிருந்து பிளவுகள் வழியே ஏறிவந்திருக்கலாம். பரக்கூடாவில் குறுக்கிட்ட எரிமலைப் பாறைகளும் கேள்வியைச் சிக்கலாக்குகின்றன. சூடான குழம்பு ஊடுருவிய இடத்தில் பாறை, ஆழத்துக்கு மீறி வெந்துபோகும்; அங்கே விற்றினைற்றின் பளபளப்பு புதைவின் வெப்பத்தைச் சொல்கிறதா, எரிமலையின் வெப்பத்தையா என்று பிரித்தறிய வேண்டும். மன்னார்ப் படுகையின் அடையல் 6 கிலோமீற்றருக்கு மேல் தடித்தது. தப்போவவின் இலைகளோடு ஒரே காலத்தில் படிந்த சேறும், சாத்தப்பாடி மாக்கல்லின் இணைப்படைகளும் அதன் அடியில் கிடக்கக்கூடும் என்று அதிர்வலைப் படங்கள் எண்ணவைக்கின்றன. ஆழ்கடற் கிணறுகள் அவற்றுக்கு மேலேயே நின்றுவிட்டதால், அந்த அடிப்படைகளிலிருந்து ஒரு துகளும் இதுவரை எந்த ஆய்வுகூட மேசைக்கும் வரவில்லை.