நாங்களா, நாமா?
1945 அக்டோபரில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். போராட்டம் ஐந்து மாதத்துக்கு மேல் நீடித்தது. அன்றைய மறியல் முடியும்போது லூசில் சிம்மன்ஸ் ஒரு தேவாலயப் பாட்டை மெதுவாக இழுத்துப் பாடுவார். பல்லவியில் இருந்த ‘நான்’ அங்கே ‘நாங்கள்’ ஆனது. பல்லவியைப் பாட எழுத்தறிவு வேண்டாம். பயந்தவரும் கூட்டத்தோடு குரல் கொடுக்கலாம். பிற்பாடு உலகம் அறிந்த ‘வீ ஷேல் ஓவர்கம்’ இப்படித்தான் உருவானது.

தமிழில் பாடும்போது எங்களுக்கு ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் நாங்கள், நாம் என்று இரண்டு. ஊரையும் சேர்த்து ‘நாம்’ என்று பாடுங்கள் என்கிறார்கள் சில தோழர்கள். சேரியில் நின்று ‘நாங்கள்’ என்றே பாடுகிறோம். ஊர்த்தெரு வந்து பின்பாட்டுப் பாடட்டும், மாற்றிக்கொள்கிறோம்.