தீண்டாமையை அளப்பது எப்படி?

ஓர் ஊரில் தீண்டாமை இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை ‘இல்லை’ என்பதே. பரமத்தி வேலூர் வட்டத்தின் காவிரிக் கரையோர ஊர்களில், அருந்ததியர் குடியிருப்புகளுக்கு வினாத்தாளோடு சென்ற தொடக்க நாட்களில் நாங்களும் அதைத்தான் குறித்துக்கொண்டு திரும்பினோம். கேள்வியே தவறு என்பது பின்னரே விளங்கியது. தேநீர்க் கடையில் எந்தக் குவளை தருகிறார்கள், முடி திருத்த உள்ளூர்க் கடைக்குப் போகிறீர்களா அல்லது வேலூருக்கா, திருவிழாவில் கோயிலின் எந்த இடம்வரை செல்கிறீர்கள் என்று ஒவ்வொரு நடைமுறையாகக் கேட்டபோது அதே மனிதர்கள் வேறு விடை தந்தார்கள். கேட்கும் இடமும் முக்கியம். வெற்றிலைக் கொடிக்காலுக்கோ கரும்பாலைக்கோ நாளையும் கூலிக்குப் போக வேண்டியவர், நிலவுடைமையாளரின் உறவினர் நிற்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டார்.

இம்முறைக்கு முன்னோடிகள் உண்டு. கன்ஷ்யாம் ஷா, சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் நடந்த ஆய்வை 2006இல் நூலாக்கினர். குஜராத்தின் நவ்சர்ஜன் அமைப்பு 1,589 கிராமங்களில் ஆய்வு செய்து, தலித்துகள்மீது தலித் அல்லாதோர் கடைப்பிடிக்கும் 98 வகைத் தீண்டாமைகளைப் பட்டியலிட்டு 2010இல் வெளியிட்டது. தலித் சாதிகளுக்கு இடையிலான தீண்டாமையையும் அது மறைக்கவில்லை. அந்த நேர்மை நமக்கும் வேண்டும். அதன் பிறகு மாநில அரசின் சார்பில் நடந்த மறு ஆய்வு ஐந்தே கிராமங்களைப் பார்த்துவிட்டு, சாதிப் பாகுபாட்டைப் பார்வை சார்ந்த விஷயமாகச் சுருக்கியது. அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களையும் இதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அவை பதிவான வழக்குகளின் எண்ணிக்கை மட்டுமே. ஒரு காவல் நிலையத்தில் வழக்குகள் கூடினால் வன்கொடுமை கூடியது என்றும் பொருள் கொள்ளலாம். புகார் தரும் துணிவு கூடியது என்றும் பொருள் கொள்ளலாம். வழக்கே இல்லாத காவல் நிலையம்தான் எங்களுக்குக் கூடுதல் கவலை தருகிறது.

ஆகவே நாங்கள் நாட்களை எண்ணுகிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. 2016இல் திருத்தப்பட்ட விதிகளின்படி நிவாரணம் ஏழு நாட்களுக்குள் வர வேண்டும். புலன் விசாரணை 60 நாட்களுக்குள் முடிய வேண்டும். புகார் கொடுத்த நாள், பதிவான நாள், குற்றப்பத்திரிகை தாக்கலான நாள், முதல் தவணை கைக்கு வந்த நாள் ஆகிய நான்கு தேதிகளை ஒரு தாளில் எழுதினாலே தாமதம் எங்கே என்பது தெரிந்துவிடும். கிடைக்காத தேதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெறலாம். 17ஆம் விதிப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அக்கூட்டத்தில் ‘தாமதமாகிறது’ என்ற முறையீட்டுக்கு ‘கவனிக்கிறோம்’ என்பதே பதில்; தேதிகள் கொண்ட அட்டவணைக்கு அப்படிப் பதில் சொல்லிவிட முடியாது. கடமை தவறும் அலுவலர்மீது 4ஆம் பிரிவின்கீழ் நடவடிக்கை கோருவதற்கும் அந்த அட்டவணையே அடிப்படை.

ஒரு தவற்றையும் இங்கே பதிவு செய்கிறோம். தொடக்கத்தில் வினாத்தாளிலேயே பெயரை எழுதினோம். பெயரை நீக்கிய பிறகும் சிக்கல் தீரவில்லை: பத்துப் பதினைந்து வீடுகளே உள்ள குடியிருப்பில் வயதும் தொழிலும் போதும், ஆளை அடையாளம் காண. இப்போது தாளில் குறியீட்டு எண் மட்டுமே இருக்கும். பெயர்ப்பட்டியல் வேறிடத்தில் பூட்டி வைக்கப்படுகிறது. குழுவின் முன் வைக்கும் அறிக்கையில் சிறு குடியிருப்புகளைத் தனியே காட்டாமல் ஊராட்சி அளவில் சேர்த்தே தருகிறோம்.