ஒரு சட்ட வாக்கியத்துக்குள் ஒக்சிதான் நிலம்

ஸ்பெயினின் கத்தலோனியாவுக்கான தன்னாட்சிச் சாசனம் 2006இல் புதிதாக இயற்றப்பட்டது. அதன் 6ஆம் பிரிவின் ஐந்தாம் கூறு ஒரே வாக்கியம். தமிழில் இப்படி வரும்:

“ஒக்சிதான் மொழி, அரானில் அரானேஸ் எனப் பெயர் பெறுவது, இந்நிலத்துக்கு உரிய மொழி, கத்தலோனியாவில் ஆட்சிமொழி, இச்சாசனமும் மொழிச் சட்டங்களும் வகுத்தவாறு.”

மூன்று நாடுகளில் பரவிக் கிடக்கும் ஒரு மொழியின் எல்லைகளை அறிய இதைவிட நல்ல வாசல் கிடையாது. தொடர் தொடராகப் பார்ப்போம்.

‘ஒக்சிதான் மொழி’

கத்தலோனியாவிலுள்ள அரான் பள்ளத்தாக்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 10,000. ஆனால் வாக்கியம் அந்தச் சிறு நிலத்தின் பெயரில் தொடங்காமல் பெருமொழியின் பெயரில் தொடங்குகிறது. 1979ஆம் ஆண்டுச் சாசனம் ‘அரானியப் பேச்சு’ என்று மட்டுமே சொல்லி, அதைக் கற்பிக்கவும் காக்கவும் வேண்டும் என்றது. ஒக்சிதான் என்ற பெயர் அதில் இல்லை. 2006இல் அந்தப் பெயர் முதலிடத்துக்கு வந்ததால், அரானியரின் உறவினர்கள் யார் என்பதும் சட்டத்தில் பதிவாகிவிட்டது.

அந்த உறவினர்களில் பெரும்பாலோர் பிரான்ஸில் இருக்கிறார்கள். அந்நாட்டின் தெற்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இம்மொழியின் மரபு நிலம். போர்தோ, லிமோஜ், துலூஸ், மொம்பெலியே, மர்செய், நீஸ் எல்லாம் இதற்குள் அடங்கும். பிரான்ஸின் பாஸ்க் நிலமும் கத்தலான் பேசும் ரூசியோனும் சேரா. கிழக்கே ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலியின் பியட்மாண்ட் பள்ளத்தாக்குகளிலும் ஒக்சிதான் உண்டு. அங்கிருந்து இடைக்காலத்தில் குடிபெயர்ந்த வால்டென்சியக் கிறித்தவர்கள் இத்தாலியின் தென்கோடியிலுள்ள கலாப்ரியா வரை மொழியைக் கொண்டு போனார்கள். குவார்தியா பியெமோந்தேசே என்ற ஊரில் அது இன்றும் இருக்கிறது.

வடக்கெல்லை எங்கே? 1873இல் ஷார்ல் தெ தூர்துலோனும் ஒக்தாவியன் பிரெங்கியேயும் இதை அறிய அட்லாண்டிக் கரையிலிருந்து ஊர் ஊராகப் போய் மக்களின் பேச்சைக் கேட்டார்கள். மேற்கே கோடு தெளிவாகக் கிடைத்தது. லிமோஜுக்கு வடக்கே கிழக்கு நோக்கிப் போகப் போக அது கலங்கியது; ஒக்சிதான், பிரெஞ்சு இரண்டின் கூறுகளும் கலந்த பட்டை ஒன்று வந்தது. வரைபடத்தில் அது வளைந்து கிடப்பதால் மொழியியலாளர்கள் ‘பிறை’ என்கிறார்கள். அந்தக் கலங்கலை மறைக்காமல் எழுதியது அவர்களின் நேர்மை.

2016இல் பிரான்ஸ் ‘ஒக்சித்தானி’ என்று ஒரு நிர்வாக மண்டலத்துக்குப் பெயர் வைத்தது. மொழி நிலத்தை அதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. புரோவான்ஸ், லிமூசான், ஒவெர்ன் எல்லாம் அதற்கு வெளியே நிற்கின்றன. கத்தலான் பேசும் ரூசியோன் உள்ளே இருக்கிறது.

‘அரானில் அரானேஸ் எனப் பெயர் பெறுவது’

ஒக்சிதானில் பொதுவாக ஆறு வட்டார வழக்குகளைச் சொல்வார்கள்: கஸ்கோன், லாங்கதோசியன், புரோவான்சல், லிமூசான், ஒவெர்ன்யா, விவாரோ-ஆல்ப்ஸ். பாடுவதைத் தெற்கே ‘கந்தா’ என்றால் வடக்கு வழக்குகளில் ‘சந்தா’. அரானேஸ் கஸ்கோனின் கிளை. கஸ்கோனில் பழைய ‘ஃப’ ஒலி ‘ஹ’ ஆகும்: துலூஸில் மகள் ‘ஃபில்யோ’, கஸ்கோன் நாட்டில் ‘ஹில்யோ’. அரானின் பெரும்பாலான ஊர்களில் அந்த ஹகரமும் ஒலிக்காமல் போய்விட்டது.

‘இந்நிலத்துக்கு உரிய மொழி’

ஸ்பெயினுக்குள் இந்த மொழி எப்படி வந்தது என்று கேட்பவருக்கு நிலமே விடை. அரான் பிரனீஸ் மலையின் வடசரிவில் கிடக்கிறது. பெரெத் மேட்டுவெளியில் இரண்டு ஆறுகள் அருகருகே பிறக்கின்றன. நொகேரா பல்யரேசா தெற்கே திரும்பி மத்தியதரைக் கடலை நாடுகிறது. கரோன் வடக்கே இறங்கி துலூஸ், போர்தோ வழியாக அட்லாண்டிக்குக்குப் போகிறது. பள்ளத்தாக்கின் இயல்பான வாசல் பிரான்ஸ் பக்கம். தெற்கே போகும் கணவாயைப் பனி மூடிவிடும். 1948இல் வியெல்யா சுரங்கப்பாதை திறந்த பிறகே குளிர்காலத்திலும் தடையற்ற வழி கிடைத்தது. ஆட்சி மட்டும் தெற்கோடு பிணைந்திருந்தது. 1313இல் அரகோன் மன்னர் இரண்டாம் ஜவ்மே அரானியரின் உரிமைகளைச் சாசனமாக உறுதிசெய்தார். பேச்சு வடக்கோடும் ஆட்சி தெற்கோடும் நின்றதால்தான் இம்மொழிக்கு இங்கே ஒரு தனி வாய்ப்புக் கிடைத்தது.

‘கத்தலோனியாவில் ஆட்சிமொழி’

‘அரானில்’ என்று நிறுத்தாமல் ‘கத்தலோனியாவில்’ என்றது கவனிக்கத்தக்கது. ஒக்சிதானின் மரபு நிலத்துக்கு வெளியே உள்ள பார்சலோனாவிலும் அதற்கு ஆட்சிமொழித் தகுதி உண்டு. துலூஸிலும் மர்செயிலும் இல்லை. பிரெஞ்சு அரசியலமைப்பு 1992 முதல் குடியரசின் மொழி பிரெஞ்சு என்கிறது. 2008இல் சேர்த்த பிரிவு வட்டார மொழிகளை நாட்டின் மரபுச் செல்வம் என்று சொல்வதோடு நின்றுவிட்டது. இத்தாலி 1999இன் 482ஆம் எண் சட்டத்தில் ஒக்சிதானைச் சிறுபான்மை மொழியாக ஏற்றது.

‘இச்சாசனமும் மொழிச் சட்டங்களும் வகுத்தவாறு’

2010இல் கத்தலோனியாவில் வந்த 35ஆம் எண் சட்டம் இதை விரித்தது. அரானில் ஒக்சிதானுக்கு முன்னுரிமையும் தந்தது. 2018இல் ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த முன்னுரிமையை நீக்கியது. ஆட்சிமொழித் தகுதியைத் தொடவில்லை. பத்தாயிரம் பேர் வாழும் பள்ளத்தாக்கு தன் மொழிக்குப் பெற்றுத் தந்த இந்தத் தகுதியைப் பெருநிலமான பிரான்ஸும் தர வேண்டும்.